திரு. க.வின் கோப்பு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அடுத்த வாரத்திலிருந்து களப்பணி. இரண்டு ஆண்டுகளாகத் தபாலில் வந்த பாடப் புத்தகங்களை வைத்துச் சமூகப்பணி இளங்கலை படித்துவிட்டேன். 'மனித நடத்தையும் சமூகச் சூழலும்' தாளில் எண்பத்து நான்கு. திண்டுக்கல் படிப்பு மையத்தில் அதுதான் முதல் மதிப்பெண். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒரு தாளை ஒட்டிவைத்தேன்.

எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பி.எட். முடித்த கணித ஆசிரியன் ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு மறுபடியும் இளங்கலை படிக்கிறான் என்று கேட்பவர்களிடம் பொழுதுபோக்கு என்கிறேன். இங்கே உண்மையை எழுதலாம். எங்கள் பள்ளித் தாளாளர் என்னைப் பற்றிய ரகசியக் குறிப்பில் 'பாடத்தில் வல்லவர், மனிதர்களிடம் பழகத் தெரியாதவர்' என்று எழுதிவிட்டு, எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியை என்னைவிட ஆறு ஆண்டு இளையவருக்குக் கொடுத்தார். லாகரிதம் அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் அவர். அன்றைக்கே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். மனிதர்களிடம் பழகுவதற்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். பல்கலைக்கழக முத்திரையோடு அந்தப் பட்டத்தை வாங்கி, நகல் எடுத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் தாளாளருக்கு அனுப்ப வேண்டும். தெய்வசிகாமணி யார் என்று அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

என் மனைவி கோதை கோயம்புத்தூரில் மகள் யாழினி வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்குத் துணையாகப் போனாள். பேரனுக்கு இப்போது பதினான்கு மாதம். பல் முளைக்கும் பருவம், கூட ஆள் வேண்டியிருக்கும்.

மதியம் உப்புமா. உப்பு போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

களப்பணிக்கு எனக்கு ஒதுக்கியிருப்பது ஒரு குடும்ப ஆலோசனை மையம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது. மேற்பார்வையாளர் ஜெசிந்தா மேடம். வயது முப்பதைத் தாண்டாது. நான் எம்.ஃபில். ஆய்வேடு சமர்ப்பித்த ஆண்டில் இவர் பால் குடித்துக்கொண்டிருந்திருப்பார். ஆனாலும் நான்தான் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆளுக்கொரு நீள நோட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி. இடப்பக்கம், வந்தவரும் நாமும் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். நடுவில், அப்போது நமக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். வலப்பக்கம் மேற்பார்வையாளரின் சிவப்பு மைக்கு.

என் முதல் ஆள் இருளப்பன் என்கிற விவசாயி. தம்பியோடு சுவர்த் தகராறு, நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் ஏழு நிமிடத்தில் தீர்த்தேன். மனையின் அளவுகளைக் கேட்டு, தாளில் படம் போட்டு, சுவர் ஒன்றேகால் அடி தம்பியின் நிலத்தில் ஏறியிருப்பதை நிறுவினேன். "எனவே தவறு உங்களுடையது" என்று அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

"நான் சுவத்துக்கா வந்தேன்? எந்தம்பி மகளுக்குக் கல்யாணம். கூப்பிடுவானா மாட்டானான்னு மனசு கெடந்து அடிக்குது, அதச் சொல்ல வந்தேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே போகும்போது ஜெசிந்தா மேடத்திடம், "உள்ள ஒக்காந்திருக்கவரு சர்வேயருங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

நடுப்பத்தியில் 'ஏதுமில்லை' என்று எழுதினேன். வலப்பக்கம் சிவப்பில் வந்தது: 'ஏதுமில்லை என்பது உணர்வு அல்ல.'

இருபத்தெட்டு வருடம் சிவப்பு மை வைத்திருந்தவன் நான். அது என் பக்கம் திரும்பும் என்று நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பால்காரர் இன்றும் ஆறு நிமிடம் தாமதம். குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இரண்டாவதாக வந்த பெண்மணி பத்தாவது நிமிடத்தில், "வேற யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டார். வேறு யாரோ என்பது பேச்சியம்மாள். என்னோடு படிப்பவர், அங்கன்வாடிப் பணியாளர், வத்தலகுண்டிலிருந்து பஸ் ஏறி வருகிறார். 'மனித நடத்தை'யில் அவர் நாற்பத்தொன்று. ஆனால் அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்கு ஒருவர் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"நீங்க மட்டும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். தெரிந்துகொள்வதற்காகத்தான்.

"நான் என்னா செய்யிறேன், சார்? சும்மா 'ம்'கொட்டிக்கிட்டு இருப்பேன். நீங்கதான் வந்தவுகளுக்குப் பரிட்சை வைக்கிறீக" என்றார். பிறகு ஒரு கொய்யாவைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "இந்தாங்க. இதுலயாச்சும் தப்புக் கண்டுபிடிக்காமத் தின்னுங்க."

கொட்டை அதிகம். சொல்லவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

விதி இதுதான்: ஒவ்வொரு மாணவரும் ஒரே ஆளை ஆறு முறையாவது சந்தித்து, பதிவு செய்து, டிசம்பரில் வெளித் தேர்வாளர் முன் கோப்பாக வைக்க வேண்டும். கோப்பு இல்லையென்றால் களப்பணியில் தேர்ச்சி இல்லை, தேர்ச்சி இல்லையென்றால் பட்டம் இல்லை. இதுவரை என்னிடம் வந்தவர்கள் ஐந்து பேர். இரண்டாம் முறை வந்தவர்கள் யாருமில்லை. ஜெசிந்தா மேடம் என்னை வருகைப் பதிவேட்டு மேசையில் உட்கார வைத்திருக்கிறார். பெயர், ஊர், வந்த நேரம். அங்கேயும் ஒருவர் தன் வயதைத் தப்பாகச் சொன்னார். பிறந்த ஆண்டை வைத்துத் திருத்தினேன். அவரும் திரும்பிப் போய்விட்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஆள் கிடைக்கவில்லையென்றால் ஆளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கணிதத்தில் இது குற்றமல்ல. 'x என்று ஒன்று இருப்பதாகக் கொள்வோம்' என்றுதான் எல்லாமே தொடங்குகிறது.

திரு. க. என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. கரூர்க்காரர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மீசை உண்டு. பதவி உயர்வில் ஏமாற்றப்பட்டவர். தனியாக இருக்கிறார். மனைவி திருமதி ம. வெளியூரில். ரகசியம் காப்பது சமூகப்பணியின் முதல் நெறி என்பதால் முழுப் பெயரை யாரும் கேட்க முடியாது. நெறி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

யாரையும் மனத்தில் வைத்து உருவாக்கவில்லை. எனக்கு மீசை கிடையாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

முதல் சந்திப்பைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி எடுத்துப் போனேன். அவர் பேசும்போது இந்த நாற்காலி, நான் பேசும்போது எதிர் நாற்காலி. மாறி மாறி உட்கார்ந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஜெசிந்தா மேடம் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"சார், மொத தடவையா நடுப்பத்தி நெறைஞ்சிருக்கு. 'இவரைக் கண்டால் எரிச்சலாக இருக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. நல்லது. மறைக்காம எழுதியிருக்கீங்க."

"எழுதக் கூடாதா?"

"எழுதணும். ஆனா எதுக்கு எரிச்சல்னு அடுத்த வாரம் யோசிச்சிட்டு வாங்க."

அக்டோபர் 6, ஞாயிறு

திரு. க. பொய் சொல்கிறார்.

மூன்றாம் சந்திப்பில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், குழந்தைக்குப் பல் முளைக்கிறது, அதனால் வரமுடியவில்லை என்றார். நடுப்பத்தியில் எழுதினேன்: 'நம்பும்படி இல்லை. குழந்தை பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பல் முளைப்பதற்கு ஒரு பாட்டி எத்தனை மாதம் தேவை? இவர் எதையோ சொல்லாமல் விடுகிறார். அது என்னவென்று அவருக்கே தெரியும்.'

ஜெசிந்தா மேடம் இதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருக்கிறார். ஒன்றும் எழுதவில்லை.

யாழினி போனில் பேசினாள். பேரனுக்கு எட்டுப் பல்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்பதால் கோயம்புத்தூர் போகவில்லை. அவர்களுக்கும் அதே காரணம். எதிர் வீட்டுக்காரர் பட்டாசுத் தாள்களை எங்கள் வாசல் பக்கம் தள்ளிப் பெருக்கியிருக்கிறார். வருடம் குறிப்பிட்டு எழுதி வைத்துக்கொண்டேன். இது நான்காவது தீபாவளி.

நவம்பர் 10, ஞாயிறு

சிக்கல். ஐந்தாம் சந்திப்பைப் படித்துவிட்டு ஜெசிந்தா மேடம் கேட்டார்: "எல்லாமே திரு. க. சொல்றதாவே இருக்கே, சார். அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

"அவர் வெளியூரில் இருக்கிறார்."

"போன் இருக்கும்ல? குடும்பத்துல ஒருத்தர்கிட்டயாவது பேசாம கோப்பு முழுமையாகாது. வெளித் தேர்வாளர் மொதல்ல அதத்தான் பார்ப்பாரு. நீங்க ஒண்ணும் பெருசாப் பண்ண வேணாம். 'ஆமா, இல்ல'ன்னு பதில் வர்ற கேள்வி கேக்காதீங்க. நடுவுல பேசாதீங்க. விளக்கம் குடுக்காதீங்க. அவங்க நிறுத்துனா நீங்களும் சும்மா இருங்க."

"சும்மா இருப்பதா?"

"அதுதான் சார் கஷ்டம்" என்றார்.

திருமதி ம.வின் பேட்டியையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுத முயன்றேன். முதல் கேள்வியை எழுதினேன். எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. இதைவிட வினோதமான விஷயத்தை நான் இந்த வருடம் சந்திக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

போன் செய்யலாம் என்று இருந்தேன். பரணைச் சுத்தம் செய்தேன்.

நவம்பர் 13, புதன்

போன் செய்யலாம் என்று இருந்தேன். மசாலா டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன். மூன்று டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவற்றிலும் x, y, z என்று ஒட்டினேன்.

நவம்பர் 14, வியாழன்

காலை பதினொன்றுக்குக் கோதையை அழைத்தேன். படிப்புக்காக. முன்னால் நீள நோட்டு, கையில் பேனா.

"என்னங்க, பகல்ல கூப்பிடுறீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒன்றுமில்லை. உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். நீ அங்கே போனதைப் பற்றி உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று சொல்."

அங்கே டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "டாக்டர்கிட்டப் போனீங்களா? ரிப்போர்ட்ல ஏதாச்சும் வந்திருக்கா?" என்றாள்.

"இல்லை. நீ சொல். நான் கேட்கிறேன்."

"கேக்குறீங்களா?"

"ம்" என்றேன். பேச்சியம்மாளிடம் கற்றது.

அதற்குப் பிறகு அவள் பேசியது நாற்பத்தொரு நிமிடம். இடப்பத்தி ஒன்பது பக்கம் வந்தது. அதிலிருந்து இங்கே கொஞ்சம் எழுதிவைக்கிறேன்.

"நான் பிரசவத்துக்குத்தான் வந்தேன். ஆனா இருந்தது பிரசவத்துக்காக இல்ல. வந்து ஒரு மாசம் கழிச்சு யாழினிகிட்ட ஏதோ பழைய கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். சொல்லி முடிச்சிட்டேன். முடிச்ச பெறகுதான் எனக்கே உறைச்சுது, நான் ஒரு கதைய முழுசா சொல்லி எத்தன வருஷம் ஆச்சுன்னு. அங்க நான் வாயத் தொறந்தா 'செவ்வாய்க்கிழம இல்ல, புதன்கிழம' வரும். 'பெரியப்பா மகன் இல்ல, சித்தப்பா மகன்' வரும். நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அதுக்குள்ள நான் சொல்ல வந்தது செத்துப்போயிரும். அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன். நான் விட்டதாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம யாழினி நிச்சயதார்த்தம் நடந்த அந்த வெள்ளிக்கிழம, சபையில வச்சு என்னத் திருத்துனீங்களே, ஞாபகம் இருக்கா?"

நிச்சயதார்த்தம் நடந்தது வியாழக்கிழமை. இடப்பத்தியில் 'வெள்ளிக்கிழமை' என்றே எழுதினேன். நடுப்பத்தியில் 'வியாழன், வியாழன், வியாழன்' என்று எழுதி வாயை மூடிக்கொண்டேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

கடைசியில் சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு மாத்தல் வந்திருக்கு. பொங்கல் முடிஞ்சதும் புனேவுக்குப் போறாங்க. என்னையும் கூப்பிடுறாங்க. போறதா வேண்டாமான்னு பொங்கலுக்குள்ள சொல்லணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். நீங்களே கூப்பிட்டுட்டீங்க."

என்னிடம் குறைந்தது பதினான்கு பதில்கள் இருந்தன, வரிசை எண் போட்டு. விளக்கம் கொடுக்கக் கூடாது என்பது விதி. "ம்" என்றேன்.

"நெசமாவே உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மறுபடி கேட்டுவிட்டு வைத்தாள்.

மதியம் சமைக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பெயர்களை மட்டும் அடித்து, 'நீங்க' என்று இருந்ததை 'அவர்' என்று திருத்திக் கொடுத்த ஒன்பது பக்கத்தையும் ஜெசிந்தா மேடம் படித்தார். சிவப்பில் எழுதியது இது: 'சமூகப்பணியாளர் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. மிக நன்று.' மேலே பத்துக்கு ஒன்பது.

நான் வாழ்க்கையில் பெற்ற மதிப்பெண்களிலேயே மோசமானது அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"வெளித் தேர்வாளர் டிசம்பர் இருபத்திரண்டு வர்றாரு. திரு. க.கிட்ட ஒரு சம்மதக் கடிதம் கையெழுத்து வாங்கிருங்க, சார். அப்புறம் ஒண்ணு. அஞ்சு தடவ பாத்திருக்கீங்க, அவருக்கு என்ன வேணும்னு ஒரு தடவகூடக் கேக்கலயே. மொத நாளே கேக்க வேண்டிய கேள்வி அது."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். எதிர் நாற்காலிக்கு மாறினேன். திரு. க. பதில் சொல்லவில்லை. 'மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள்' என்று பாடநூல் சொல்கிறது. பொறுத்துப் பார்த்தேன். பட்டம் வேண்டும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சம்மதக் கடிதத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும்போதுகூட நான் காப்பியடித்ததில்லை. இருபத்தெட்டு வருடத்தில் காப்பியடித்த பையன்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்திருக்கிறேன்.

கையெழுத்து நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

எல்லோரும் போகும்வரை காத்திருந்து ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். "திரு. க. என்று யாருமில்லை. நானாக எழுதினேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார், சாத்தி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கரூர் பேங்க் ஆபீசர் ஒவ்வொரு பேச்சையும் 'எனவே'ன்னு முடிக்கிறாரு, சார். மொத வாரமே சந்தேகம்தான். உங்க வீட்டம்மா பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்காங்கன்னு சேரும்போதே சொன்னீங்க, கோப்புலயும் பிரசவம் வந்தப்போ உறுதியாயிருச்சு. ஆனா அந்த ஒன்பது பக்கம் நெசம்னு தெரிஞ்சுது. அந்த மாதிரி யாராலயும் நாற்காலியில ஒக்காந்து எழுத முடியாது."

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க சொல்வீங்களான்னு பாத்தேன். ஒருவேள சொல்லலைன்னா என்ன செய்யிறதுன்னு எனக்கும் தெரியல. அதுவும் பயமாத்தான் இருந்துச்சு." கோப்பை என் பக்கம் தள்ளினார். "இத வச்சீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வைக்கலைன்னா களப்பணி அடுத்த வருஷம் திரும்பச் செய்யணும். எது செய்யணும்னு நான் சொல்லக் கூடாது. நீங்கதான் முடிவெடுக்கணும்."

"இரண்டிலும் நான் தேர்ச்சி பெறவில்லை. பிறகு என்ன முடிவு?"

"அதான் சார். எந்த மாதிரித் தோக்கணும்னு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. படியில் இறங்கி ஜெராக்ஸ் கடையைத் தாண்டும்போதுதான் வந்தது.

கோப்பை வைக்கவில்லை. களப்பணி: வருகை உண்டு, தேர்ச்சி இல்லை. பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

"நீங்க பெயிலா?" என்று அவர் கேட்ட விதத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு அவராகவே, "அடுத்த வருசம் எங்க அங்கன்வாடிக்கு வந்து பழகுங்க, சார். ரெண்டு வயசுப் பிள்ளைககிட்ட ஒங்க 'எனவே' செல்லாது" என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை ஆறு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர். முன்கூட்டிச் சொல்லவில்லை. பேரன் என்னைப் பார்த்ததும் அழுதான். அவனைக் குறை சொல்ல முடியாது, மூன்றாவது முறைதான் பார்க்கிறான். யாழினி காபி கொடுத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையும் அவசரமாகக் கடைக்குக் கிளம்பினார்.

கோதையிடம் கோப்பைக் கொடுத்தேன். "போனில் பேசியது பரீட்சைக்காக. சொல்லாமல் செய்தது தப்பு. நீயே படித்துப் பார்."

அடுப்படியிலேயே நின்று படித்தாள். குக்கர் மூன்று விசில் அடித்தது, அணைக்கவில்லை. நான் போய் அணைத்தேன். ஓர் இடத்தில் சிரித்தாள்.

"மீச வச்சிருக்காரா?"

"ம்."

"திருமதி ம.வுக்கு மூட்டுவலின்னு போட்டிருக்கீங்க. எனக்கெங்க மூட்டுவலி? அது உங்களுக்கு. 'சண்டை போடாத பெண்மணி'யா? ஒரு வருஷம் முழுக்க உங்களுக்குப் புளி கூடுதலாப் போட்டுக் குடுத்தேனே, தெரியலையா?"

தெரியவில்லை. என் நாக்கின் கோளாறு என்று நினைத்து மருத்துவரிடம் போனேன்.

அந்த ஒன்பது பக்கங்களுக்கு வந்ததும் அவள் சிரிக்கவில்லை. மெதுவாகப் படித்தாள். நடுப்பத்தியில் தாள் கிழிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்களா?"

"சொல்லுக்குச் சொல்."

கோப்பை மூடி அரிசி டின் மேல் வைத்தாள். நான் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைக் கேட்டேன்.

"உனக்கு என்ன வேண்டும், கோதை?"

அவள் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். மௌனத்தை உடைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. மாடியில் பேரன் எதையோ தரையில் போட்டான், மறுபடி போட்டான். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது, திரு. க.வுக்கு என்ன வேண்டும் என்று. எழுதினால் ஒரு வரிகூடத் தேறாது, அவ்வளவு சின்னது. அவளிடம் சொல்லலாம்தான். ஆனால் இப்போது கேட்டிருப்பது அவளுக்கு என்ன வேண்டும் என்று.

"இருபத்தேழு வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்குறீங்க" என்றாள் கடைசியில். "நான் உடனே சொல்லணுமா?"

"வேண்டாம்."

"அப்ப சாப்பிட்டுட்டு பஸ் ஏறுங்க. நான் யோசிக்கணும்."

ரசத்தில் புளி சரியாக இருந்தது. இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாமா என்று பழனி வரை யோசித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

பேச்சியம்மாளுக்கு வாய்மொழித் தேர்வு. எண்பத்தெட்டு. மகிழ்ச்சி அடைந்தேன் என்று எழுதினால் மிகை. எரிச்சல் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் மதிப்பெண்ணை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பலகையில் ஒட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து தகவல் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு உடலுழைப்பு என்று தெரியாது. தோள்பட்டை வலிக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் வைத்தேன். எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்து கிண்ணத்தைப் பார்த்தார்கள். யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பொங்கலுக்குள் சொல்ல வேண்டும் என்றிருந்தாள். மாலை வரை போன் பக்கத்திலேயே இருந்தேன். ஒன்றுமில்லை. புனேவில் குளிர் எத்தனை டிகிரி என்று பார்த்தேன். பதினொன்று.

ஜனவரி 16, வியாழன்

காலை ஏழரைக்குக் கோதை.

"நான் புனே போகல. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. அங்க குளிரு, பாஷையும் தெரியாது. அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனா நான் ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"ம்."

"அந்த வீடு நானும் செங்கல் எண்ணிக் கட்டுனது. நான் எதுக்கு வெளிய இருக்கணும்னு தோணுச்சு. அதனால வர்றேன். நீங்க மாடி ரூமுக்குப் போயிருங்க. கீழ நான் இருப்பேன். கூப்பிட்டா வாங்க. கூப்பிடலைன்னா வராதீங்க. ஆறு மாசம் பாப்போம். அதுக்கப்புறம் நான்தான் சொல்வேன்."

"சரி."

"வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"எத்தனை மணி பஸ்?"

"அதையும் நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மாடி அறையில் பழைய விடைத்தாள் மூட்டைகள் கிடந்தன. இருபத்தெட்டு வருடம் யார் யார் எங்கெங்கே தப்புச் செய்தார்கள் என்பதற்கான ஆதாரம். பழைய பேப்பர்காரர் இரண்டு நடை போனார்.

ஜனவரி 19, ஞாயிறு

வந்துவிட்டாள். இரண்டு பைகள். தூக்க விடவில்லை. மசாலா டப்பாக்களைப் பார்த்து, "இது யாரு பண்ணது?" என்றாள். x என்பது கசகசாவாம். நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

மூன்று நாள். சாப்பாடு நேரத்துக்குக் கூப்பிடுகிறாள். சாப்பிட்டதும் மேலே வந்துவிடுகிறேன். கீழே அவள் டிவி பார்ப்பது, போனில் யாழினியோடு பேசுவது, அண்டா கழுவுவது எல்லாம் கேட்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 24, வெள்ளி

மாலை நான்கு மணி இருக்கும். சாப்பாட்டு நேரமில்லை. படிக்கட்டின் அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் கீழ வாங்க."

குழாய் ஏதும் ரிப்பேரா என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு டம்ளர் காபி மேசையில் இருந்தது. எதிர் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது ஒட்டன்சத்திரத்துல ஒரு அம்மா ஏறுச்சு, கையில ஒரு சேவலோட. என்ன நடந்துச்சு தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "சொல்லு."

சொன்னாள். காபி ஆறி, வெளிச்சம் குறைந்து, எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்தும் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை அவள் எனக்குச் சொன்னாள்.